காதுக்கு ஒரு கண்காட்சி

பூக்களுக்குக் கண்காட்சி வைக்கலாம், ஓவியங்களுக்கு வைக்கலாம், கொழுத்த காளைகளுக்கும் வைக்கலாம். ஓசைக்குக் கண்காட்சி வைப்பது எங்ஙனம்? சில மாதங்களுக்கு முன் என் சகோதரியின் மகன் வந்து, கொழும்பில் ஒரு ஹோட்டலின் மூன்றாம் மாடியில் உயர்தர ஒலிக்கருவிகளின் கண்காட்சி நடைபெறுகிறது, நீங்களும் வரவேண்டும் என்று அழைத்தபோது நான் இதைத்தான் கேட்டேன்.

“அப்படியெண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாருங்கோ, மாமா” என்றான் அவன்.

விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆயினும் அந்தச் சொல் பின்னால் எனக்குப் பெரிதும் உதவிற்று. அது எவ்வாறு என்பதைச் சொல்லுமுன், எழுபது வயதைக் கடந்த நான் இத்தகைய இடத்துக்கு ஏன் போனேன் என்பதை நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தகப்பனாரின் வீடு இருந்தது. அவர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக உத்தியோகம் பார்த்தவர். புகைபிடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். இசைத்தட்டு வாங்குவதொன்றே அவருடைய செலவு. றேடியோகிராம் ஒன்றும், ஏறக்குறைய இருநூறு தட்டுகளும் வீட்டில் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலைகளில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வைப்பார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டு அது. ஒரு பக்கம் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தட்டைத் திருப்புவதற்கு எழும்போது அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரியும். 1960இல், எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, அவர் இல்லாத நேரம் பார்த்து அந்தத் தட்டை நானே வைக்க முயன்று, ஊசியைத் தட்டின் குறுக்கே இழுத்துவிட்டேன். அரை அங்குல நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அப்பா அடிக்கவில்லை. தட்டைத் துணியால் துடைத்து உறையில் இட்டு, “இனி இது உன்னுடைய தட்டு” என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் இதற்குள் மறந்திருப்பேன்.

1983 யூலையில் அந்த வீடு எரிந்தது. றேடியோகிராமும் தட்டுகளும் அதனுடன் போயின. நாங்கள் சில நாட்கள் அகதி முகாமில் இருந்து, பின் காங்கேசன்துறைக்குக் கப்பலேறினோம். 1985இல் அப்பா ஊரிலேயே காலமானார். மறு வருடம் நான் கொழும்புக்குத் திரும்பி, வெள்ளவத்தையில் வாடகைக்கு ஓர் அறை எடுத்திருந்த காலத்தில், ஒருநாள் மாலை கதவு தட்டப்பட்டது. கொட்டாஞ்சேனையில் றேடியோ திருத்தும் கடையில் வேலை செய்த சிங்கள இளைஞர் ஒருவர் நின்றார். அவருடைய வீடு களனியில். பத்திரிகைத் தாளில் சுற்றிய தட்டையான பொருள் ஒன்று அவர் கையில் இருந்தது. புதிய ஊசியைச் சோதித்துப் பார்க்கவென்று 1983 யூனில் அப்பா அவரிடம் கொடுத்து வைத்திருந்த தட்டு அது. மூன்று வருடங்களாக என் விலாசத்தைத் தேடியிருக்கிறார். கீறலுடன் தோடி திரும்பி வந்தது. கேட்பதற்குத்தான் அப்பா இல்லை.

அவரை அன்றும் இன்றும் ‘பாஸ்’ என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். மேசனையும் தச்சனையும் பாஸ் என்று அழைக்கும் நம் நாட்டு வழக்கில் அவர் ‘றேடியோ பாஸ்’. இவரை மீண்டும் சந்திப்போம்.

பல ஆண்டுகள் அந்தத் தட்டு அலுமாரியிலேயே கிடந்தது. சென்ற வருடம் கனடாவிலிருந்து மகள் சிறிது பணம் அனுப்பி, “நல்ல சாமான் ஒன்று வாங்கி அப்பப்பாவின் தோடியைக் கேளுங்கோ” என்று எழுதினாள். குளிர்சாதனப் பெட்டி இருமிக்கொண்டிருக்கிறதே, அதை முதலிற் பார்க்கக் கூடாதா என்பது என் மனைவியின் அபிப்பிராயம். நியாயமான அபிப்பிராயந்தான். ஆகவே வீண்செலவு செய்யாமல், கேட்டு ஒப்பிட்டு வாங்குவது என்று முடிவாயிற்று. பாஸின் உதவியால் மருமகன் தட்டின் ஒலியைப் பிரதி செய்து, சுண்டுவிரல் அளவுள்ள பென் டிரைவ் ஒன்றில் ஏற்றித் தந்தான். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

இத்தகைய கண்காட்சிகளில் உலகப் புகழ் பெற்றது ஜேர்மனியில் நடப்பது. 1982இல் தொடங்கி, 2004 முதல் 2025 வரை மியூனிக் நகரில் நடைபெற்றது. அங்கே அறைகள் நூற்றுக்கணக்கு என்று மருமகன் சொன்னான். நமக்கு வாய்த்தவை மூன்று. அவையே என் காதுகளுக்கு அதிகமாகிவிட்டன.

முதல் அறையில் என் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் நின்றன. அரசமாளிகைக் கதவு போன்ற மெருகு. எதிலும் விலை எழுதப்படவில்லை. அதுவே விலையைச் சொல்லிற்று. ஓர் ஆங்கிலப் பெண்மணி, காதருகே வந்து மூச்சுவிடுவதுபோல் மெல்லப் பாடினாள். பக்கத்தில் ஒரு கித்தார். இடையிடையே பெரிய தந்தி வாத்தியம் ஒன்றின் ‘தும், தும்’. வந்தவர்களெல்லாம் கண்ணைச் செருகித் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். பொய் சொல்லவேண்டியதில்லை, மயங்கித்தான் போனேன். இரண்டாவது பாட்டிலும் ஒரு பெண்மணி மூச்சுவிட்டாள், மூன்றாவதிலும் அப்படியே. அடுத்த அறைக்குப் போனால் அங்கும் அவளுடைய சகோதரி! புடைவைக் கடைக்காரர் எந்த விளக்கின் கீழ் எந்தச் சேலையை விரிப்பது என்று அறிந்து வைத்திருப்பதுபோல, எந்தப் பெட்டியிலும் நன்றாய்க் கேட்கக்கூடிய பாட்டுகள் இவை என்று இவர்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

“நாதசுரம் ஒன்று போட முடியுமா, தம்பி?” என்று கேட்டேன்.

அறை ஒரு கணம் மௌனமாயிற்று. அந்த இளைஞர் மரியாதை தெரிந்தவர்; பென் டிரைவை வாங்கிச் செருகினார். ராஜரத்தினம் பிள்ளை எழுந்து நின்று என்னை அதட்டினார். ஆம், அதட்டினார் என்றுதான் சொல்லவேண்டும். சீவாளியின் கூர்மை முழுவதும் நெற்றிக்கு நேரே வந்து தாக்கிற்று. அதன் பின்னாலிருக்கும் கனிவு வரவில்லை. பழைய தட்டின் இரைச்சலோ ஆடிமாதக் கடல்போல் எழுந்தது. ஒரு நிமிடத்தில், “பழைய பதிவுகள் இப்படித்தான், ஐயா” என்று சொல்லி அதை நிறுத்திவிட்டு, அவர் மீண்டும் பெண்மணியை அழைத்தார்.

இரண்டாம் அறையில் கண்ணாடி வால்வுகள் செந்நிறமாய் ஒளிவிடும் கருவி ஒன்று. விளக்குகளைத் தணித்திருந்தார்கள், கோவில் மூலஸ்தானம்போல் இருந்தது. அங்கே சுழன்ற இசைத்தட்டு இயந்திரத்தின் பெறுமதியில் எங்கள் ஊரில் ஒரு துண்டு காணி வாங்கலாம் என்று மருமகன் காதில் சொன்னான். ஆனால் அதில் 78 தட்டு ஓடாது! 1948இல் நெடுநேரத் தட்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபின், வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றாகக் குறைந்தது, பள்ளங்களும் ஒடுங்கின. பழைய தட்டின் பள்ளத்துக்கு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 75 பங்கு பருமனுள்ள ஊசி முனை வேண்டும். புதிய ஊசி அதில் மூன்றிலொரு பங்குதான். அதைப் பழைய பள்ளத்தில் விட்டால் அடியிலே இறங்கி, அங்குள்ள தூசியையும் தேய்மானத்தையும் வாரிக்கொண்டு ஓடும். கோடீஸ்வர இயந்திரத்துக்கு நம் அரக்குத் தட்டைத் தொடத் தெரியவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம், மறைப்பானேன்?

மூன்றாம் அறையில் புத்தகத் தட்டில் வைக்கக்கூடிய சிறு பெட்டிகள் இரண்டு. கூட்டமும் இல்லை. முதல் அறைக்குப் பின் இது சப்பென்று இருந்தது. வெளியே வந்து, “இதில் உயிரில்லை” என்று தீர்ப்பளித்தேன். மருமகன் சிரித்துக்கொண்டே கைத்தொலைபேசியைக் காட்டினான். ஒலியின் உரப்பை அளக்கும் வசதி அதில் இருக்கிறது. முதல் அறையில் 86 டெசிபெல். மூன்றாம் அறையில் 79. ஏழு டெசிபெல் வித்தியாசம் என்றால், அங்கே ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒலிச்சக்தி என் செவியில் வந்து விழுந்திருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாணவ நேயர்கள் கவனிக்கவேண்டும். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிளெச்சர், மன்சன் என்னும் இருவர், மனிதச் செவி எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவாகக் கேட்பதில்லை என்பதை அளந்து வெளியிட்டார்கள். ஒலி தணிந்திருக்கும்போது மந்தர ஓசைகள் செவிக்கு மற்றவற்றிலும் அதிகமாய்த் தேய்ந்து போகின்றன. ஒலியைச் சிறிது உயர்த்தினால் அடித்தளமும் சேர்ந்து எழும்புகிறது. இசை நிறைந்து கேட்கிறது. வித்தியாசம் ஓரிரு டெசிபெல்லாய் இருந்தால், ‘உரப்பாய் இருக்கிறது’ என்று நமக்குத் தோன்றாது. ‘நன்றாய் இருக்கிறது’ என்றே தோன்றும். ஏழு டெசிபெல்லுக்கு நான் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை. அன்றியும், ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்கு நடந்து, வழியில் தேநீரும் குடித்துவிட்டு, முன் கேட்டதையும் பின் கேட்டதையும் நுணுக்கமாய் ஒப்பிடலாம் என்று நினைப்பதே பிழை. ஓசையின் சாயலை அப்படியே நினைவில் நிறுத்திவைக்க நம்மால் அவ்வளவு நேரம் முடியாது.

திரும்பும்போது பஸ் கோட்டைப் பக்கமாய் வந்தது. நம் நாட்டிலே இத்தகைய காட்சியை முதன்முதல் நடத்தியவர், தந்தித் திணைக்களத்தில் பிரதம பொறியியலாளராய் இருந்த எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர் என்று மருமகனுக்குச் சொன்னேன். 1923இல் மத்திய தந்திக் கந்தோரின் சிறிய அறையொன்றில் கிராமபோனைச் சுழலவிட்டு, அதன் இசையை ஆகாயமார்க்கமாய் அனுப்பினார். ஒலிபரப்பிக்கு வேண்டிய உறுப்புகள், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமாயிற்று. நீர்மூழ்கிக்கும் இசைக்கும் என்ன உறவோ தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு நீர்மூழ்கியையும் பகை நீர்மூழ்கியையும் ஓசையால் பிரித்தறிய வீரரைப் பயிற்றுவதற்கென்று லண்டன் டெக்கா கம்பனி செய்த நுட்பப் பதிவு முறையே, போருக்குப் பின் செக்கனுக்கு 14,000 அதிர்வு வரை காட்டும் இசைத்தட்டுகளாய் வெளிவந்தது. ‘ஹை-பை’ மோகத்துக்கு அதுவும் ஒரு வித்து.

“நிஜப் பாட்டையும் பெட்டிப் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆரும் பார்க்கவில்லையோ, மாமா?” என்று மருமகன் கேட்டான்.

பார்த்திருக்கிறார்கள். 1915 முதல் ஏறக்குறைய பத்து ஆண்டுகள், எடிசனின் கம்பனி அமெரிக்கா முழுவதும் ஒரு வேடிக்கை நடத்திற்று. மேடையில் பாடகியும் இருப்பார், கிராமபோனும் இருக்கும். விளக்கை அணைத்துவிடுவார்கள். பாடுவது எது என்று சபையோர் சொல்லவேண்டும். பலர் திகைத்துப் போனார்களாம். அந்நாட்களில் மேடையேறிய அன்னா கேஸ் என்னும் பாடகி பின்னாளில் உண்மையை வெளியிட்டார்: இயந்திரத்தின் ஒலிக்கு ஏற்பத் தம் குரலைத் தணித்துப் பாடினாராம். இயந்திரம் மனிதக் குரலைப் போலிசெய்தது என்று உலகம் வியந்தது, நடந்ததோ மறுதலை. 1954இல் கில்பேட் பிறிக்ஸ் என்னும் யோர்க்ஷயர் ஒலிபெருக்கித் தயாரிப்பாளர் லண்டன் ரோயல் பெஸ்டிவல் மண்டபத்தில், மேடைக் கலைஞரையும் அவர்களுடைய பதிவுகளையும் மாறிமாறிக் கேட்பித்தார். மறு வருடம் நியூயோர்க் கார்னகி மண்டபத்திலும் அவ்வாறே செய்தார். ‘இங்கே மாறியது, இங்கே மாறவில்லை’ என்று அவர் ஒளிக்காமல் காட்டியது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் இதையெல்லாம் சொல்லிவரும்போதே என் நெஞ்சில் ஒரு கேள்வி உறுத்திற்று. ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்துவிட்டார். இனி எந்த மேடையில் அவரை நிறுத்தி, எந்தப் பெட்டியை அவரோடு ஒப்பிடுவது? என்னிடம் இருப்பது ஒன்பது வயதுப் பையனின் ஞாபகம் ஒன்றே.

மறு ஞாயிறு களனிக்குப் போனோம். பாஸின் வீட்டுப் பின்விறாந்தைதான் இப்போது அவருடைய பட்டறை. வெட்டித் திறந்த றேடியோக்கள், சுருள்கள், ஈய வாசனை. நாங்கள் மூன்று அறைகளின் கதையைச் சொன்னோம். அவர் ஒரு பெட்டியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

“அறை எவ்வளவு நீளம், மாத்தயா?” என்று கேட்டார்.

“பதினாறு பதினேழு அடி இருக்கும்.”

“நிலத்தில் கம்பளம்? பெட்டி சுவரோடு ஒட்டியா?”

இரண்டும் ஆம். அவர் தலையசைத்தார். மருமகன் பொறியியலாளன் ஆகையால் உடனே காகிதத்தில் கணக்குப் போட்டான். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் செல்லும். ஐந்து மீற்றர் நீளமுள்ள அறையில் அது போய்த் திரும்பப் பத்து மீற்றர். ஆகவே செக்கனுக்கு 34 அதிர்வும், அதன் மடங்குகளும் அந்த அறையில் ஊஞ்சல்போல் ஏறி நிற்கும். முதல் அறையில் எங்களை மயக்கிய ‘தும், தும்’, பாதி வாத்தியத்தினுடையது, பாதி ஹோட்டல் சுவர்களுடையது! நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் அதே பெட்டிகள் அற்புதமாய்ப் பாடக்கூடும். அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை.

அப்போது எனக்குக் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோவில் நினைவுக்கு வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாலே எழுப்புவித்த கோவில். அதன் கல்மண்டபத்தில் நாதசுரம் வாசிக்கக் கேட்டவர்களுக்குத் தெரியும்: வாசிப்பவர் சுவரத்தை விட்டபின்பும் தூண்கள் அதை விடுவதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் 1895 முதல் இந்த விஷயத்தைத்தான் ஆராய்ந்தார். அங்கே புதிதாய்க் கட்டிய விரிவுரை மண்டபத்தில் ஒரு சொல்லைச் சொன்னால் ஐந்து செக்கனுக்கு மேல் அது அலைந்துகொண்டே இருந்ததாம். பக்கத்து அரங்கிலிருந்த ஆசன மெத்தைகளை இரவிரவாய்ச் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஓர்கன் குழலும் கடிகாரமுமாய் உட்கார்ந்து, எத்தனை மெத்தைக்கு எத்தனை செக்கன் குறைகிறது என்று அளந்தார். இன்று உலகில் மண்டபம் கட்டுவோர் கைக்கொள்ளும் சூத்திரம் அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. அவ்வளவு மெத்தையும் கம்பளமுமாய் ஹோட்டல் அறை என் தோடியைத் தின்றுவிட்டது. திறந்த வீதியிலும் கல்மண்டபத்திலும் ஒலிக்கப் பிறந்த வாத்தியமல்லவா அது!

பாஸ் இரண்டு பழைய இங்கிலாந்துப் பெட்டிகளைத் தூசி தட்டி எடுத்தார். ஐம்பது வயதானவை, கடதாசிக் கூம்பு வைத்தவை, கிழிந்த ஓரங்களை அவரே மாற்றியிருந்தார். “வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்க. பிடித்தால் காசு” என்றார். மருமகனும் தன் சிநேகிதனிடமிருந்து புத்தம்புதிய, பளபளப்பான, இடுப்பளவு உயரப் பெட்டிகள் இரண்டை இரவல் வாங்கி வந்தான். அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சிறிய கண்காட்சி நடந்தது.

முதலில் திறந்த வெளியாய். மனைவி, மருமகன், அவனுடைய பன்னிரண்டு வயது மகன், நான் — நால்வரும் புதியதே சிறந்தது என்றோம். பிறகு பாஸ் சொன்னபடி படுக்கை விரிப்பைக் கொடியில் தொங்கவிட்டுப் பெட்டிகளை மறைத்தோம். மழை பெய்வதுபோன்ற ஒரே சீரான இரைச்சலை இரண்டிலும் ஓடவிட்டு, கைத்தொலைபேசியில் அளந்து, இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்தான் மருமகன். எது ஒலிக்கிறது என்று அவனுக்கு மட்டும் தெரியும். ஆகவே அவன் வாக்குக் கணக்கில்லை. மூவரில் இருவர் பழையதற்கு வாக்களித்தோம். பையன் மட்டும் புதியது என்றான். பிறகு அந்தக் குறும்பன், எங்களுக்குச் சொல்லாமல் புதியதன் ஒலியை இரண்டு டெசிபெல் உயர்த்தும்படி தகப்பனிடம் சாடை காட்டினான். நாங்கள் இருவரும் உடனே கட்சி மாறினோம்! நம் நாட்டுக்கு இது புதிதல்ல என்று மனைவி சொன்னாள்.

கண்ணின் வேலையை 1994இல் புளோயிட் டூல், ஷோன் ஒலிவ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் நாற்பது பேரைக்கொண்டு சோதித்திருக்கிறார்கள். ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது பெரியனவும் அழகியனவும் அதிகப் புள்ளி பெற்றன. திரைக்குப் பின்னே வைத்தபோது அந்த இடைவெளி சுருங்கிற்று. மலிவான சிறு பெட்டிகளின் மதிப்பு உயர்ந்தது. கேட்டவர்கள் ஒலிக்கருவிக் கம்பனி ஒன்றின் ஊழியர்களே! கண்ணை மூடிக்கொண்டு வாருங்கோ என்ற மருமகனின் சொல் அப்போதுதான் எனக்கு மீண்டும் கேட்டது.

பையன் வேறொரு பரீட்சையும் வைத்தான். மெல்ல மெல்லச் சுருதி ஏறும் ஒலி ஒன்றை ஓடவிட்டு, கேட்காமற்போனதும் கையை உயர்த்தச் சொன்னான். அவனுக்குச் செக்கனுக்கு 18,000 அதிர்வு வரையும், தகப்பனுக்கு 15,000 வரையும் கேட்டது. நான் 9,000இலேயே கையை உயர்த்திவிட்டேன். மனைவி எனக்கு மேலே ஆயிரம். பழைய 78 தட்டுகளிற் பெரும்பாலானவற்றில் 8,000க்கு மேல் இசை அதிகம் இல்லை என்று பாஸ் சொல்லியிருந்தார். தட்டும் நானும் ஒன்றாகவே மூத்திருக்கிறோம்.

புதிய பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தபின் அவை வெகுவாய்த் திருந்தின என்பதையும் சொல்லவேண்டும். சினிமாப் பாட்டுக்கு அவைதான் என்று மருமகன் இன்றும் சாதிக்கிறான். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை அவற்றில் கேட்டபோது நானும் மறுக்கவில்லை. தோடிக்கு மட்டும் பழைய கடதாசிக் கூம்பு. ஏன் என்று கேட்டால் என்னால் விளக்க முடியாது. அப்பாவின் றேடியோகிராமிலும் கடதாசிக் கூம்பே இருந்தது என்பதாலோ என்னவோ. அப்படியானால் நான் தேர்ந்தெடுத்தது நல்ல ஒலியையா, பழகிய ஒலியையா? திரை கண்ணை மறைக்கும். ஞாபகத்தை மறைக்கும் திரையை எந்தக் கொடியில் தொங்கவிடுவது?

பாஸுக்குப் பணம் கொடுத்தாயிற்று. முதலில் அவர் சொன்ன தொகை என் கைக்கடிகாரத்தின் விலைக்கும் குறைவு. சிறிது வற்புறுத்தி மேலே கொடுத்தேன். 78 சுற்றுள்ள பழைய இயந்திரம் ஒன்றையும், அதற்குரிய பருத்த ஊசியையும் அவரே தேடித் தந்தார். மீதியில் குளிர்சாதனப் பெட்டி வந்துவிட்டது. அது இருமுவதில்லை.

கணினியில் அந்தக் கீறலின் ஓசையை முழுதாய்த் துடைத்துவிடலாம் என்று மருமகன் சொன்னான். வேண்டாம் என்றேன்.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை கடற்கரை ரெயில் போய் முடியும்வரை காத்திருந்து, யன்னலைச் சாத்தி, தட்டை வைத்தேன். மனைவி அடுக்களையிலிருந்து வந்து கதவடியில் நின்றாள். சிறிது நேரம் தோடி தனியே போயிற்று. பிறகு ‘டக்’ என்றது. முக்கால் செக்கன் கழித்து மீண்டும் ‘டக்’. அரை அங்குலக் கீறலை ஊசி கடந்து முடிக்க ஏறக்குறைய ஐம்பது சுற்று.

“இஞ்சேருங்கோ, மாமாவும் இப்படித்தானே கேட்டிருப்பார்?” என்றாள்.

“1960க்குப் பிறகு இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, தட்டைத் திருப்புவதற்கு எழுந்தேன்.